கடைமடைக்குத் தண்ணீர் விடும் ரோபோ: 5 லட்சத்தில் பள்ளிக்கு எதை வாங்கலாம்?

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார்: "பழைய மாணவர்கள் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். கம்பெனிக்காரர் ஒருவர் வந்து ரோபோ கிட், பத்து வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட், பேசிக் கைகுலுக்கும் ரோபோ ஒன்று, எல்லாம் அந்தத் தொகைக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு, சமூக அறிவியல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாடம் நடத்த இவை உண்மையிலேயே உதவுமா? இல்லை, ஆண்டு விழாவில் காட்டிவிட்டுப் பீரோவில் பூட்டி வைக்கத்தானா?"

உதவும் டீச்சர். ஆனால் கம்பெனிக்காரர் சொல்லும் வரிசையில் வாங்கினால் பீரோதான். முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள், அப்புறம் கருவியை. பாடங்களை ஒன்றாகச் சேர்க்கும் வேலையை ரோபோவும் செய்யாது, ஹெட்செட்டும் செய்யாது. பிள்ளைகள் முன்னால் நீங்கள் வைக்கும் கேள்விதான் செய்யும். உங்கள் பள்ளிக்கு அந்தக் கேள்வியைத் தேடி எங்கும் போக வேண்டாம். தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் உங்கள் பக்கத்து வயல்களுக்குத்தானே பாய்கிறது? தலைமடையில் இருப்பவருக்குக் கிடைக்கும் தண்ணீர் கடைமடைக்கும் கிடைக்க என்ன செய்யலாம்? இந்த ஒரு கேள்வியை எடுத்தால் ஒரு பருவம் முழுக்கப் போதும்.

கைகுலுக்கும் ரோபோவை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் திறந்து பார்க்க முடியாது, மாற்றி எழுதவும் முடியாது. விருந்தினர் வரும் நாளில் வணக்கம் சொல்லும், அவ்வளவுதான்.

ரோபோவால் பாடம் நடத்துவது புது யோசனை ஒன்றும் இல்லை. ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயுடன் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போன சீமோர் பேப்பர்ட், 1967இல் சகாக்களோடு சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அதற்கு ஓர் ஆமை ரோபோவும் வந்தது. தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போகும். முக்கோணம் வரையச் சொன்னால் எந்தப் பிள்ளையும் முதலில் 60 டிகிரி திரும்பு என்றுதான் எழுதும், முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்திருப்பதால். ஆமை மூன்று பக்கம் போட்டு முடிக்கும்போது பாதி அறுகோணம் நிற்கும். திரும்ப வேண்டியது 120, அதாவது வெளிக்கோணம். புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போகும் இந்த விஷயம், தரையில் தவறாகப் போன கோட்டைப் பார்த்தபின் மறக்காது. ரோபோவின் பலம் இதுதான். நினைத்தது தப்பு என்றால் டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, வண்டியே சொல்லிவிடும்.

இப்போது கால்வாய்க்கு வருவோம். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரேயைச் சாய்வாக வைத்து மண் நிரப்பி, தலைமடை, நடுமடை, கடைமடை என்று மூன்று வயல் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு மடை, அதைத் தூக்கி இறக்க ஒரு சின்ன சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பது), மண்ணில் ஓர் ஈர சென்சார். மேலே தொட்டியில் 5 லிட்டர் தண்ணீர், அதன் மட்டத்தை அளக்க ஓர் அல்ட்ராசோனிக் சென்சார். கை கால் எதுவும் இல்லாவிட்டாலும் இது ரோபோதான்: உணர்கிறது, முடிவெடுக்கிறது, செய்கிறது. ஸ்க்ராட்ச் போலக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் முறை போதும்.

பிள்ளைகள் எழுதும் முதல் விதி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "வயல் காய்ந்தால் மடையைத் திற." ஓட விட்டுப் பார்த்தால் மூன்று மடையும் ஒரே நேரத்தில் திறக்கும், தலைமடை வயிறு முட்டக் குடிக்கும், கடைமடை காயும். அப்போது வகுப்பில் ஒரு சண்டை வரும் பாருங்கள், அதற்காகத்தான் இவ்வளவும். ஊரில் மடை திறந்துவிட்டுப் பழக்கப்பட்ட பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். ஜூனில் தொடங்கும் கார் சாகுபடிக்கு எப்படி, அதற்கடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு எப்படி, தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது எப்படி என்று அவர் சொல்வதை "இப்படி இருந்தால் இப்படிச் செய்" என்ற விதிகளாகப் பிள்ளைகள் மாற்றி எழுதட்டும். அவர் வாயில் வருவதில் பாதி விதியாக மாறாது. "ஆளைப் பார்த்து விடுறதுதான்" என்பார். அதை நிரலில் எப்படி எழுதுவது, எழுதலாமா கூடாதா என்று பேசும்போது சமூக அறிவியலும் கணினி அறிவியலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிடும்.

கம்பெனிக்காரர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கருவிகள் நம் ஊரில் கோளாறு செய்யும், அந்தக் கோளாறுகள்தான் நல்ல பாடங்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அல்ட்ராசோனிக் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்கிறது. வௌவால் வழி கண்டுபிடிப்பதும் இதே முறையில்தான், உயிரியல் டீச்சர் அங்கே நுழையலாம். இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் பெரும்பாலும் ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்திருக்கும். அது 20 டிகிரிக்கான கணக்கு. பாளையங்கோட்டையில் ஏப்ரல் மத்தியானம் 20 டிகிரியை யார் பார்த்தது? வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் வேகம் சுமார் 0.61 மீட்டர் கூடும் என்று பத்தாம் வகுப்பு ஒலியியலில் வருகிறது அல்லவா? 38 டிகிரியில் வேகம் 354. அந்த நிரலை அப்படியே விட்டால், சரியாக 2 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரை 1.94 மீட்டர் என்று காட்டும். கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் குறைகிறது. டேப்பை வைத்து அளந்து, வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளையே தேட விடுங்கள். காலையிலும் மத்தியானமும் அளந்தால் விடை தானாகக் கிடைக்கும். மார்க்குக்காக மனப்பாடம் செய்த சூத்திரத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிடும்.

அடுத்தது ஈர சென்சார். விலை மலிவான, இரண்டு முள் வைத்த வகை. ஈர மண்ணில் குத்தி மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டால் சில வாரங்களில் ஒரு முள் மட்டும் அரித்துப் போகும். ஏன் ஒன்று மட்டும்? நேர்மின்வாயில் உலோகம் கரைகிறது, மின்னாற்பகுப்பு. அரித்த சென்சார் ஈர மண்ணையும் காய்ந்தது என்று சொல்லும், ரோபோ நிரம்பிய வயலுக்கே மறுபடி தண்ணீர் விடும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் ஆயுள் நீளும். உலோகம் மண்ணைத் தொடாமல் அளக்கும் கெப்பாசிட்டிவ் வகையும் கிடைக்கிறது, சற்று விலை கூடுதல். முதலில் மலிவான வகையையே வாங்கி அரிக்க விடுங்கள் என்பேன்.

மூன்றாவது, எல்லாக் கிட்டிலும் வரும் கோட்டைப் பின்தொடரும் வண்டி. அடியில் அகச்சிவப்பு ஒளியை அடித்து, வெள்ளைத் தரையில் திரும்பி வருகிறதா, கறுப்புக் கோட்டில் உறிஞ்சப்படுகிறதா என்று பார்த்து ஓடும். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கும் மூன்று மணிக்குக் கோட்டை விட்டு ஓடும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம், சென்சாருக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு காகிதக் கப்பை வெட்டி மறைப்பு கட்டினால் சரியாகும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். கம்பெனி ஆள் வந்து சரி செய்துவிட்டால் அந்தப் பாடம் போச்சு.

அப்படியானால் வி.ஆர். எதற்கு? பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாத இடத்துக்கு. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருவது பொதிகை மலையில் பெய்கிற மழையால். அந்தச் சோலைக்காடுகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. நாற்பது பிள்ளைகளை அங்கே ஏற்றிப் போக வனத்துறை விடாது, விடவும் கூடாது. மலையுச்சி, அணை, அணைக்கட்டு, கால்வாய், புன்னைக்காயலில் கடல் என்று சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆற்றை ஒரே பீரியடில் பார்க்க வேறு வழியில்லை.

கம்பெனி தரும் உள்ளடக்கத்தில் தாமிரபரணி இருக்காது. டைனோசர், சுறா, சூரியக் குடும்பம், இதயம், இவைதான் இருக்கும். அதனால் நீங்களே எடுங்கள். 360 டிகிரி கேமரா ஒன்றை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கி, முக்காலியில் அசையாமல் நிறுத்தி, பாபநாசம் படித்துறை, முக்கூடல், குறுக்குத்துறை முருகன் கோயில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, புன்னைக்காயல் என்று எடுத்தால் போதும். வீடியோ கூட வேண்டாம், நிழற்படம் போதும். தமிழில் பேசிப் பதிவு செய்யும் வேலை பிள்ளைகளுடையது. மலைக்கு மேல் உள்ள இடங்களுக்கு வனத்துறை அனுமதியோடு ஒரே ஓர் ஆசிரியர் போய் எடுத்து வரலாம்.

வி.ஆர். நன்றாகப் பயன்படும் இன்னொரு இடம் அணையின் வடிவம். தினமும் பேப்பரில் அணை மட்டம் வருகிறது. பாபநாசம் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஜூனிலிருந்து டிசம்பர் வரை பிள்ளைகள் இதை வரைபடமாகப் போடட்டும். பிறகு கேளுங்கள்: மட்டம் 40இலிருந்து 41 அடிக்கு ஏறுவதும் 140இலிருந்து 141க்கு ஏறுவதும் ஒரே அளவு தண்ணீரா? மலைப் பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிவதால், மேலே உள்ள ஓர் அடி கீழே உள்ள ஓர் அடியைவிட எத்தனையோ மடங்கு தண்ணீர் கொள்ளும். கரும்பலகையில் இதைக் காட்டுவது சிரமம். முப்பரிமாணப் பள்ளத்தாக்குக்குள் நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தை உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பலர் நேரில் பார்த்திருப்பார்கள், சிலருக்கு வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்திருக்கும். வெள்ளத்தைப் பற்றிப் பேசுங்கள், எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் தண்ணீர் சூழ்ந்து ஏறும் காட்சியை ஹெட்செட்டில் போட்டு அவர்கள் தலையில் மாட்டாதீர்கள். வி.ஆரில் வரும் பயம் உடம்புக்கு நிஜமாகவே இருக்கும்.

பிரமிப்பைப் படிப்பு என்று எண்ணிவிடவும் கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் ஜோசலின் பாரோங், ரிச்சர்ட் மேயர் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உடலுக்குள் ரத்த அணுக்களோடு பயணம் செய்யும் வி.ஆர். பாடத்தைச் சிலருக்கும், அதே விஷயத்தைச் சாதாரண ஸ்லைடுகளாகச் சிலருக்கும் கொடுத்தார்கள். ஆர்வம் வி.ஆர். குழுவுக்குக் கூடுதல், தேர்வில் மதிப்பெண் ஸ்லைடு குழுவுக்குக் கூடுதல். டென்மார்க்கில் கிடோ மக்ரான்ஸ்கி குழு 2019இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது: அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. ஆனால் பாரோங், மேயர் இருவரும் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். வி.ஆர். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பார்த்ததைச் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதச் சொன்னபோது கற்றல் கூடியது. ஆகவே ஹெட்செட்டுக்குப் பக்கத்திலேயே நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ஐந்து நிமிடம் பார்த்தால் ஐந்து நிமிடம் எழுத வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நடைமுறையில் ஒருவர் பார்க்க, பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்டு, சொல்வதைப் படமாக வரைவது நன்றாக வரும். நாற்பது பேருக்கு மூன்று ஹெட்செட் போதும் என்று சொல்வதும் இதனால்தான். ஒரு குழு ஹெட்செட்டில், ஒரு குழு மடை ரோபோவில், ஒரு குழு அணை மட்ட வரைபடத்தில், ஒரு குழு எழுதுவதில். பத்து ஹெட்செட் வாங்கினால் பத்துப் பேர் தனித்தனி உலகத்தில் இருப்பார்கள், நீங்கள் யாரையும் கவனிக்க முடியாது.

சில சின்ன விஷயங்கள். வயது வரம்பு சில தயாரிப்பாளர்களிடம் 10, சிலரிடம் 13. பெட்டியில் போட்டிருப்பதைப் படித்துப் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குங்கள். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். காட்சி ஓடி, உடம்பு அசையாமல் இருந்தால் சிலருக்குக் குமட்டும், கண் சொல்வதும் உட்செவி சொல்வதும் ஒத்துப் போகாததால். கேமராவை அசையாமல் நிறுத்தச் சொன்னதன் காரணம் அது. மெட்ராஸ் ஐ பரவும் சீசனில் ஹெட்செட்டைத் தொடவே தொடாதீர்கள், மற்ற நாட்களிலும் ஆளுக்கு ஆள் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். லென்ஸில் வெயில் நேராக விழும்படி ஜன்னலோரம் வைத்தால் உள்ளே இருக்கும் திரை பொசுங்கிவிடும், நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்ச நேரமே போதும். அட்டையில் செய்த ஹோல்டருக்குள் பழைய போனைப் போட்டுப் பார்க்கும் மலிவான வழியும் உண்டு. ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் கிடையாது, தலையைத் திருப்பினால் படம் திரும்பாது. சோதித்துவிட்டு வாங்குங்கள்.

ரோபோ மேசையில் ஒன்றைக் கவனியுங்கள். கலப்புக் குழுவில் பையன்கள் ஒயரைப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் கையில் நோட்டு போய்ச் சேரும். யாரும் சொல்லாமலே நடக்கும். ஒவ்வொரு வாரமும் வேலையை மாற்றிவிடுங்கள்.

வேறு ஊர்ப் பள்ளி என்றால் கேள்வி வேறு. நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துக்குக் காற்று மெலிந்த உயரத்தில் ஆக்சிஜன் எப்படிப் போதுகிறது என்று கேட்கலாம். பணகுடி, ராதாபுரம் பக்கம் என்றால் காற்றாலை, மகேந்திரகிரியில் சோதிக்கும் ராக்கெட் என்ஜின். ஆதிச்சநல்லூர் பக்கம் என்றால் முதுமக்கள் தாழி. ராக்கெட் என்ஜினுக்குள் போக வி.ஆர். தவிர வழியில்லை, காற்றாலையோ ரோபோ மேசையில் செய்து பார்க்கக் கூடியது. எது எதற்கு என்று இப்படித்தான் பிரிக்க வேண்டும்.

பணக்கணக்கு. இணையத் தொடர்பு இல்லாமலும் ஓடும் நடுத்தர ஹெட்செட் மூன்றுக்குச் சுமார் ஒரு லட்சம். எட்டுக் குழுவுக்கு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, சென்சார், சர்வோ, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் எல்லாம் சேர்த்து 50,000க்குள் முடியும். சென்சார், சர்வோ எல்லாம் ஒன்று நூறு, நூற்றைம்பது ரூபாய்தான், இரண்டு மடங்காக வாங்கி வையுங்கள், உடையத்தான் செய்யும். பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் கணினிக்குத் தனியாகச் செலவில்லை. பஸ்ஸுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள், புன்னைக்காயலுக்கும் கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கும். மீதியை வங்கியில் போட்டு இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு வையுங்கள். மொத்தப் பணத்தையும் முதல் வருடமே செலவழித்த ஆய்வகங்கள்தான் பூட்டிக் கிடக்கின்றன.

கம்பெனிக்காரரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். மென்பொருளுக்கு வருடச் சந்தா உண்டா, கட்டாவிட்டால் ஹெட்செட் வேலை செய்யுமா? நாங்கள் எடுத்த 360 படங்களை அதில் நாங்களே ஏற்ற முடியுமா? ரோபோ கிட்டில் ஒரு சென்சார் போனால் திருநெல்வேலி ஜங்ஷன் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி மாட்டலாமா, இல்லை அவரிடம்தான் வாங்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு "எங்களிடம்தான்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். மார்ச்சுக்குள் வாங்கி முடித்தால், கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் நாலைந்து பேர் மடை ரோபோவை ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்தால் கால்வாயில் அளக்கவும் ஆரம்பித்துவிடலாம், பாலத்தில் நின்றபடி, பெரியவர்கள் துணையோடு.